உருகாத பனி

லஸ்கம் பண்ணையின் மண் உப்பாகிப் போனதற்குக் காரணம் கெசியா லஸ்கம் அழுத கண்ணீர்தான் என்று எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு கதை உலவுகிறது. போன மழைக்காலத்தில் துறைமுக ஊரில் அவளை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில், வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி இதை என்னிடமே சொன்னாள். நாக்கில் நரம்பில்லாதவள். வண்டியை நிறுத்தச் சொல்லி அவளை இறக்கிவிட்டேன். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது.

கெசியா அழுது நான் பார்த்ததில்லை. அவளும் நானும் ஒரே கப்பலில் வந்தவர்கள். கடல் தாண்டி இந்தத் தென்கோடி நாட்டில் ஸ்வான் ஆற்றுக் குடியேற்றம் தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கும் என் வீட்டுக்காரர் அமோஸுக்கும் கிடைத்த நிலத்துக்கு அடுத்த நிலம் அவர்களுக்கு. அடுத்த நிலம் என்றால் இங்கே அரைநாள் நடை. அவள் எங்கள் பழைய நாட்டில், டெவன் சீமையில் மாட்டுப் பண்ணைக்காரனின் மகள். வெண்ணெய் கடைவதில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும்தான். கப்பலில் எல்லாரும் வாந்தியெடுத்துக் கிடந்தபோது அவள் மட்டும் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, "எங்க ஓபேத்துக்குச் சொந்தமா நிலம் கிடைக்கப்போகுதாம். அதை நினைச்சே அவரு பாதி கடலை உள்ள இழுத்துக் குடிச்சிட்டாரு, மீதியிலதான் கப்பல் போகுது" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் புருஷன் ஓபேத் லஸ்கம் பிறர் நிலத்துக்கு வேலி கட்டிப் பிழைத்தவன். கையகல மண்கூடத் தன்னுடையதாக இருந்ததில்லை. இங்கே அவனுக்கு ஒரு குன்றும் ஒரு ஓடையும் குன்றிலிருந்து ஓடைவரைக்கும் காடும் கிடைத்தன. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். இந்த மண்ணின் ஆதிக்குடிகளான நூங்கார் மக்கள் அந்த ஓடைக்கரையில் ஒவ்வொரு வருடமும் வந்து தங்குவார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. ஓபேத்திடம் துப்பாக்கி இருந்தது, கேட்காமல் இருக்க அது போதுமானதாக இருந்தது. நாங்களும் அப்படித்தான் வந்தோம். இதில் நான் அவனைவிட ஒசத்தி என்று சொல்ல மாட்டேன்.

மழைக்காலத்தில் வந்து இறங்கியதால் ஓடையில் தண்ணீர் துள்ளிக்கொண்டு ஓடியது. அதை நம்பி வீட்டை அதன் பக்கத்திலேயே கட்டினார்கள். கோடை வந்தது. ஓடை குட்டையானது, குட்டை சேறானது, சேறு வெடித்தது. பிள்ளைக்கு, சைலஸ் என்று பெயர், வயிற்றுப்போக்கு கண்டது. ஓபேத் மாட்டு வண்டியில் பீப்பாயை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனான். திரும்பும்போது வழியில் அச்சு முறிந்தது. கெசியாவுக்குப் பால் வற்றிவிட்டது. ஈரத்துணியை வாயில் வைத்தாள், பிறகு துணியை நனைக்கவும் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவன் பீப்பாயோடு வந்து சேர்ந்தபோது அந்தத் தண்ணீர் பிள்ளையைக் கழுவத்தான் உதவியது.

ஓடையிலிருந்து கொஞ்சம் மேட்டில் வெள்ளைப் பட்டையோடு ஒரு பெரிய மரம் நின்றது. அதன் கீழே புதைத்தார்கள். இடத்தைக் கெசியாதான் காட்டினாள். "இவனுக்கு வெயில் ஆகாது" என்றாள்.

அன்றைக்கு எல்லாரும் தலைகுனிந்து நின்றபோது ஓபேத் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். புல் செத்துக் கிடந்தது, பயிர் செத்துக் கிடந்தது, பிள்ளை செத்துப்போயிற்று. காட்டு மரம் ஒவ்வொன்றும் பச்சையாக நின்றது. அமோஸின் தோளைத் தொட்டு அவன் கேட்டான்: "ஏம்ப்பா, இதுங்களுக்கு மட்டும் எங்கேருந்து தண்ணி?" "மரம் அப்படி எவ்வளவு குடிச்சிடப் போகுது?" என்றார் அமோஸ்.

மரத்தைச் சாகடிக்க இந்த நாட்டில் அதை வெட்டிச் சாய்ப்பதில்லை. அவ்வளவு ஆளும் கிடையாது, கோடரியும் தாங்காது. இடுப்பு உயரத்தில் பட்டையைச் சுற்றிலும் வளையமாக வெட்டி எடுத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான். நின்ற இடத்திலேயே மரம் மெல்லச் செத்துப்போகும். நடுநடுவே கோதுமை விதைக்கலாம். நாங்கள் எல்லாரும் செய்தோம். ஆனால் நாங்கள் மரத்தோடு பேசவில்லை.

ஓபேத் பேசினான். ஒருநாள் ரொட்டிக்கு நொதி கேட்டுப் போனபோது நானே கேட்டேன். ஒரு மரத்தின் முன்னால் நின்று, கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "நீதானே குடிச்ச?" என்றான். மிரட்டவில்லை, அமைதியாகத்தான் கேட்டான். பதில் வருமோ என்று கொஞ்சம் காத்திருந்தான். பிறகு வளையம் வெட்டினான். அடுத்த மரத்துக்குப் போனான். "நீதானே குடிச்ச?" நொதியை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

இரண்டு மூன்று வருடத்தில் குன்றுமுழுக்கச் செத்த மரங்கள் நின்றன. அந்தக் காட்டுக்குள் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். நடுப்பகலில் நிழல் இருக்காது, நிழலின் எலும்பு மட்டும் தரையில் கிடக்கும். உரிந்த பட்டைகள் தொங்கிக்கொண்டு ஒன்றோடொன்று உரசும், யாரோ பக்கத்து அறையில் தணிந்த குரலில் பேசுவதுபோல இருக்கும். காற்றே இல்லாதபோது ஒரு கிளை முறிந்து விழும். பறவைகள் அந்தக் குன்றைச் சுற்றிக்கொண்டு பறந்தன. நூங்கார் மக்கள் ஒரு தடவை வந்தார்கள். காட்டின் ஓரத்திலேயே நின்று பார்த்தார்கள். ஒரு கிழவி ஏதோ சொல்லி உரக்க அழுதாள். அப்புறம் அவர்கள் அந்தப் பக்கம் வரவேயில்லை.

"செத்தா படுக்கணும் அக்கா" என்று கெசியா ஒருநாள் என்னிடம் சொன்னாள். "இதுங்க படுக்க மாட்டேங்குது. காலையில கதவைத் திறந்தா, கூட்டமா நின்னு என்னையே பாக்குது."

"இதோ பாரு, பேசாம ஜன்னலுக்கு ஒரு திரையைப் போடு" என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

அப்போதுதான் அது நடந்தது. இங்கே கோடை உச்சத்தில் இருக்கும் ஜனவரியில், மழை ஒரு சொட்டும் இல்லாமல், வறண்ட ஓடையில் தண்ணீர் வந்தது. முதலில் மணல் நனைந்தது. பிறகு நூலாக ஓடியது. பிறகு வாளி நிறையும் அளவுக்கு ஓடியது. மாடுகள் கத்திக்கொண்டு ஓடின. ஓபேத் அந்தத் தண்ணீரில் சட்டையோடு படுத்துப் புரண்டதை அமோஸ் பார்த்திருக்கிறார். "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" என்று கத்தினானாம். மரங்கள் குடித்ததை நிறுத்தியதும் தண்ணீர் வந்துவிட்டது. அவன் சொன்னதுதான் சரி என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். எங்கள் மரங்களையும் இன்னும் வேகமாக வெட்டினோம்.

நன்றி செலுத்துகிற கூட்டம் ஓடைக்கரையில் நடந்தது. ஹிங்ஸ்டன் என்ற பிரசங்கியார் குதிரையில் வந்தார். வியர்த்துக் கொட்டும் பருத்த மனிதர், குரல் மட்டும் வெண்கலம். பிரசங்கம் முடிந்து கெசியாவிடம் வந்தார்.

"சகோதரி, மோசே பாறையை அடிச்சாரு, தண்ணி வந்துச்சு. உங்க வீட்டுக்காரர் மரத்தை அடிச்சாரு, தண்ணி வந்துச்சு. என்ன பாக்கியம்!"

"மோசே அடிச்சதுக்கு ஆண்டவர் கோவிச்சுக்கிட்டு, அவரைக் கடைசிவரைக்கும் வாக்குக் குடுத்த தேசத்துக்குள்ள விடலையே பிரசங்கியாரே. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்" என்றாள் கெசியா.

பிரசங்கியார் கேக்கை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

இதற்கிடையில் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள், தெர்சா. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தாள், கொழுகொழுவென்று இருந்தாள். அவளுக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது ஒருநாள் நானும் கெசியாவும் உள்ளே பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தோம். வெளியே பிள்ளை தனியாகப் பேசி விளையாடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். கையில் பழைய வெண்ணெய்க் கத்தி. முக்காலியின் காலைச் சுற்றி வளையமாகக் கீறி வைத்திருந்தது. வாளியின் கைப்பிடியிலும் கீறியிருந்தது. மடியில் துணிப் பொம்மை. அதன் கழுத்தில் கத்தியை வைத்து, அப்பாவின் அதே அமைதியான குரலில் கேட்டது: "நீதானே குடிச்ச?"

கெசியா எழுந்துபோய்ப் பொம்மையைப் பிடுங்கினாள். பிள்ளையை அடிக்கவில்லை. நேராக வயலுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"ஓபேத், ஒண்ணு கேக்கணும்."

"சொல்லு."

"குன்னு முழுக்க உனக்கு. மத்த மரத்தையெல்லாம் கொன்னாச்சு. சைலஸ் தலைமாட்டுல நிக்கிறதை மட்டும் தொடாத."

அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்த நிலத்தில் பச்சையாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். கிளிகள் எல்லாம் அதில்தான் அடைந்திருந்தன. அதன் அடியில் மட்டும்தான் முழு நிழல்.

"அவன் சாகும்போது அதுவும்தானே குடிச்சிட்டு நின்னுச்சு" என்றான்.

"குடிச்சா குடிச்சிட்டுப் போகட்டும். அவனுக்கு நிழல் குடுக்குது. நாம அதைக்கூடக் குடுக்கல."

ஓபேத் தொப்பியைக் கழற்றிவிட்டு, "தொட மாட்டேன்" என்றான். நான் சாட்சி. அவன் மனதாரத்தான் சொன்னான் என்பதை இன்றைக்கும் சொல்வேன்.

கெசியாவுக்கு அந்த மரம் நிற்க வேண்டும். அதைத் தவிர இந்த நாட்டில் அவள் எதையும் தனக்கென்று கேட்டதில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் போய் அதன் கீழே உட்காருவாள். பிள்ளையிடம் பேசுவாளாம். என்ன பேசுவாய் என்று கேட்டேன். "ஊர்ல நடக்கிற வம்புதான் அக்கா. உங்களைப் பத்தியும் சொல்லுவேன்" என்றாள்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் அந்தப் பனி விழுந்தது.

இதைக் கெசியா என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன். விடியும் நேரம் கதவைத் திறந்தாள். ஓடையின் இரு கரையிலும் தாழ்ந்த வயலிலும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. புல்லின் ஒவ்வொரு நுனியிலும் ஒட்டியிருந்தது. டெவனில் பிப்ரவரி என்றால் உறைபனிக் காலம். எத்தனை வருடம் இங்கே இருந்தாலும் உடம்புக்கு அது மறப்பதில்லை. நானே டிசம்பர் வெயிலில் கம்பளியைத் தேடியிருக்கிறேன். கொளுத்தும் கோடை என்பது அவளுக்கு ஒரு கணம் மறந்தே போய்விட்டது. "எந்திரிடி தெர்சா! பனி விழுந்திருக்கு, எங்க ஊர்ப் பனி!" என்று கூவிக்கொண்டு, வெறுங்காலோடு சின்னப்பிள்ளைபோல ஓடியிருக்கிறாள். தெர்சா பனியைப் பார்த்ததே இல்லை. கதையில் கேட்டதுதான். இரண்டு பேரும் அதில் குதித்தார்கள். காலடியில் அது மொறுமொறுவென்று நொறுங்கியது. ஆனால் கால் சில்லிடவில்லை.

தெர்சா ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தாள்.

"அம்மா, உங்க ஊர்ப் பனி கரிக்குமா?"

சூரியன் ஏறியது. அது உருகவில்லை. உச்சி வெயிலிலும் அப்படியே கிடந்தது. கெசியா வயலின் நடுவில் அசையாமல் நின்றாள். அவளைச் சுற்றிச் செத்த மரங்கள் நின்றன. ஆடுகள் வந்து தரையை நக்கிக்கொண்டிருந்தன. ஓடைத் தண்ணீரை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே டீ ஒரு மாதிரி இருப்பதாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பானை சரியில்லை என்று நினைத்தாளாம்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கோதுமை மஞ்சளித்துச் சரிந்தது. கிணற்றிலும் உப்பு ஏறியது. வெள்ளை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மேலே ஏறி வந்தது. யாரும் ஊற்றாத இடத்தில் மண் நனைந்தது, நனைந்த இடம் வெளுத்தது. அமோஸும் நானும் எங்கள் நிலத்தை நினைத்துத் தூங்காமல் கிடந்தோம்.

ஓபேத் காரணம் கண்டுபிடித்துவிட்டான். எங்களிடம் வந்து அதைச் சொன்னான். கண் உள்ளே போயிருந்தது.

"இன்னும் ஒண்ணு நிக்குதுல்ல. நல்ல தண்ணியை எல்லாம் அது குடிச்சிடுது. உப்பை நமக்குத் துப்புது."

"உளறாத ஓபேத்" என்றார் அமோஸ். "ஒத்த மரம் அவ்வளவு குடிக்குமா?"

"அப்பவும் இப்படித்தானே கேட்டீங்க. தண்ணி வந்துச்சா இல்லையா?"

தண்ணீர் வந்ததே, அதை நாங்களும் பார்த்தோமே.

"தெர்சாவுக்கு உதடு வெடிச்சிருக்கு" என்றான் அவன். "இன்னொரு பிள்ளையையும் அப்படிக் கழுவ மாட்டேன் அமோஸ்." எனக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்குக் கடைசிப் பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்தது. கெசியா வந்தாள். அவளைத் தவிர யாரைக் கூப்பிட முடியும்? போவதற்கு முன் ஓபேத்திடம் மரத்தைக் காட்டி, "சொன்னது நினைவிருக்கட்டும்" என்றாளாம். "இருக்கு" என்றானாம். என் பக்கத்திலேயே இருந்து, கையை உள்ளே விட்டுப் பிள்ளையைத் திருப்பி, என்னையும் என் பையனையும் பிழைக்க வைத்தாள். நான் எழுந்து உட்காரும்வரை போகவில்லை.

அவள் வீடு திரும்பியபோது தெர்சா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா அதுகிட்டயும் கேட்டாரும்மா."

"அது என்ன சொல்லுச்சு?"

"அது ஒண்ணும் சொல்லல. அப்பாதான் அழுதாரு."

கெசியா கத்தவில்லை. தன் சிவப்பு ஃபிளானல் பாவாடையைக் கிழித்தாள். மழைநீர்ப் பீப்பாயின் அடியில் மிஞ்சியிருந்ததை எடுத்துக் களிமண்ணைக் குழைத்து, வெட்டின இடத்தில் அப்பி, சுற்றிக் கட்டினாள். புண்ணுக்குக் கட்டுவது போலவே கட்டினாள். நான் போய்ப் பார்த்தேன். வெளுத்துப்போன மரங்களுக்கு நடுவே இடுப்பில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு அந்த ஒன்று நின்றது. என் ஆயுசில் அவ்வளவு கோரமான காட்சியை நான் பார்த்ததில்லை. மழைக்காலம் முழுக்கக் கட்டை அவிழ்த்துப் புது மண் வைத்தாள். வளையத்துக்குக் கீழே கொஞ்சம் துளிர்த்தது. அதைக் காட்ட என்னை இழுத்துக்கொண்டு போனாள். "பாத்தீங்களா அக்கா? பிழைச்சுக்கும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் பிழைத்துக்கொள்ளும் என்றேன். கோடை தொடங்கியதும் துளிர் கருகியது. கிளிகள் ஒருநாள் மொத்தமாக எழுந்து போயின. அப்புறம் மற்ற மரங்களைப் போல அதுவும் பட்டையை உதிர்க்கத் தொடங்கியது.

பிப்ரவரி கடைசியில் நானும் அமோஸும் அவர்களுக்கு நல்ல தண்ணீர் ஒரு பீப்பாய் ஏற்றிக்கொண்டு போனோம். எங்கள் கிணற்றில் அப்போது உப்பு ஏறியிருக்கவில்லை. உச்சிப்பொழுது. இலை அசையவில்லை என்று சொல்ல இலையும் இல்லை. வீட்டில் யாருமில்லை. கெசியா மேட்டில் பிள்ளையின் குழிமேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், தெர்சாவின் கையைப் பிடித்தபடி. கைகாட்டிக் கூப்பிட்டாள்.

அங்கே போனோம். சுற்றிலும் தரை வெள்ளை வெளேரென்று கிடந்தது. குழிமேடு மட்டும் கறுப்பாக இருந்தது. நனைந்திருந்தது. அமோஸின் பூட்ஸ் அதன் ஓரத்தில் பட்டதும் மண் அமுங்கித் தண்ணீர் ஊறி வந்தது. குழிமேட்டின் கால்மாட்டிலிருந்து விரல் தடிமனில் ஒரு நீர்க்கோடு புறப்பட்டு, சத்தமே இல்லாமல் ஓடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. அத்தனை வருடமும் மரம் குடித்து அடியிலேயே நிறுத்தி வைத்திருந்த உப்புத் தண்ணீர், அது செத்ததும் மேலே வந்துவிட்டது. அமோஸ் தொப்பியைக் கழற்றினார்.

கெசியா வயல் பக்கம் திரும்பி, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள். "ஓபேத்! இங்க வா."

அவன் வந்தான். எங்களைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், பிறகு கீழே பார்த்தான்.

"பயலுக்குத் தண்ணி வந்துருச்சு, ஓபேத்" என்றாள் அவள்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஓபேத் முட்டிபோட்டு உட்கார்ந்தான். உள்ளங்கையை அந்த மண்ணில் வைத்தான். விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஏறியது. விரலை நாக்கில் வைத்தான்.

பிறகு எழுந்து ஓடினான். எங்கே போகிறான் என்று நாங்கள் திகைத்து நின்றோம். மண்வெட்டியோடு திரும்பி வந்தான். "எடுத்துடலாம் கெசியா, இங்க வேண்டாம், கூட்டிட்டுப் போயிடலாம், எங்கயாவது கூட்டிட்டுப் போயிடலாம்" என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே மண்வெட்டியை ஓங்கினான். கெசியா அதன் கழியைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. இப்பத்தான் குடிக்க ஆரம்பிச்சிருக்கான்" என்றாள்.

ஓபேத் மண்வெட்டியைக் கீழே போட்டான். அடுத்த வாரம் அவர்கள் துறைமுகத்துக்குக் கிளம்பிப் போனபோது வண்டியில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.